சுண்டு விரலைப் பற்றி யாரும் சொல்லவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வியாசர்பாடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் மகள் கல்லூரியில் படிக்கிறாள், ஈட்டி எறிவாள். ஜீவா ஸ்டேஷனில் ரயிலேறி, மூர் மார்க்கெட்டில் இறங்கி, நேரு ஸ்டேடியத்துக்கு நடந்தே போய் நான்கு வருடம் பயிற்சி எடுத்தவள். போன வருடம் வலது முழங்கையின் உள்பக்க ஜவ்வு கிழிந்தது. நகரின் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஆபரேஷன்.

கட்டை விரலையும் சுண்டு விரலையும் ஒட்டவைத்து மணிக்கட்டை மடக்கினால் நடுவில் கயிறு மாதிரி ஒன்று புடைக்கும். சிலருக்கு அது இருக்காதாம், இவளுக்கு இருந்தது. அதை எடுத்து, முழங்கை எலும்பில் துளை போட்டுக் கோத்துக் கட்டுவோம் என்றார் டாக்டர். ஓரிடத்துத் துணியை எடுத்து இன்னோரிடத்தில் ஒட்டுப் போடுவது எனக்குப் புரியாத வேலையா? “ஒரு வருஷத்தில் எறியலாம்” என்றார்கள். ஆங்கிலத்தில் நாலு பக்கம் நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

தையல் பிரித்த பிறகும் சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் மரத்தே கிடந்தன. போகப் போகச் சரியாகும் என்று விட்டுவிட்டோம். ஒரு நாள் கடையில் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, அந்த விரலுக்கடியில் முதலில் பாப்ளினையும் அப்புறம் வெல்வெட்டையும் வைத்தேன். “ரெண்டும் ஒண்ணுதாம்பா” என்றாள். எனக்குப் பகீரென்றது.

மறுநாள் ஓடினோம். “அஞ்சு வாரமா என்ன பண்ணீங்க?” என்று எங்களைத்தான் கோபித்துக்கொண்டார்கள். முழங்கையை இடித்துக்கொண்டால் சுரீரென்று கரண்ட் அடிக்குமே, அந்த நரம்பு ஜவ்வை ஒட்டியே ஓடுகிறது. இந்த ஆபரேஷனில் மற்ற சிக்கல்களைவிட அதிகமாக வருவது அதில் ஏற்படும் பாதிப்புதானாம். கை முழுசாக நீளாமல் நிற்பது, புதிதாகப் போட்ட ஜவ்வே மறுபடி கிழிவது எல்லாம் உண்டாம். அந்த நாலு பக்கத்தை மகளே பிறகு படித்துக் காட்டினாள். ‘நரம்பு’ மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

இந்த ஆபரேஷனுக்குத் தன் பெயரையே கொடுத்த அமெரிக்க பேஸ்பால் வீரர் டாமி ஜானுக்கு 1974இல் டாக்டர் ஃப்ராங்க் ஜோப் இதைச் செய்தார். அவருக்கும் இதே நரம்பு கெட்டு, அந்த டிசம்பரிலேயே இன்னொரு ஆபரேஷன். 1976இல்தான் ஆட வந்தார். முதல் ஆளுக்கே வந்த சிக்கலை ஐம்பது வருடம் கழித்து எங்களிடம் சொல்ல ஒரு நிமிடம் கிடைக்கவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நீரஜ் சோப்ரா பெயரைச் சொல்லித் தேற்றினார்கள். 2019இல் அவருக்கு முழங்கையில் எடுத்தது எலும்புத் துணுக்கு. அது வேறு, இது வேறு.

நான் டாக்டர்களைக் குறை சொல்லவில்லை. ஒட்டு நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும்போது தமிழில் ஒரே ஒரு தாள் கொடுங்கள் என்கிறேன். விரல் மரத்தால், சுண்டு விரலை விரிக்க முடியாவிட்டால் உடனே வா என்று நாலு வரி போதும். ஸ்டேடியத்தில் பிள்ளைகளைப் பழக்கும் பயிற்சியாளர்கள் கையிலும் அது இருக்கட்டும்.

ஞாயிறுதோறும் துணி வைத்துப் பார்க்கிறோம். இப்போது வெல்வெட் தெரிகிறது. பாப்ளினுக்கும் காடாவுக்கும்தான் இன்னும் வித்தியாசம் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
வியாசர்பாடி, சென்னை.