ஜன்னலை மூடாதீர்கள்: அரசு ஊழியர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசு ஊழியர், ஆசிரியர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

பழைய ஓய்வூதியம், அதற்குப் பதிலாகச் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கிற சிபிஎஸ், விடுப்பைக் காசாக்குகிற சரண்டர், அகவிலைப்படி என்று நீங்கள் போராடுகிற விஷயங்கள் எல்லாம் எங்களுக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது, அதனால் முன்கதைக்குள் போகவில்லை. என் கோரிக்கை ஒன்றுதான். போராடுங்கள், ஆனால் பொதுமக்கள் வந்து நிற்கிற ஜன்னலை மூடாதீர்கள்.

என் தங்கச்சி வீட்டுக்காரர் ஒரு ஸ்பின்னிங் மில்லில் 19 வருடம் வேலை பார்த்தார். போன வருடம் ஷிப்ட் முடித்து வந்து படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. மில்லில் சேர்ந்தபோது பிஎஃப்புக்கு நாமினியாக அவருடைய அம்மா பேரைக் கொடுத்திருந்தார். அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. அதனால் பிஎஃப் பணம், பேங்கில் இருந்த கொஞ்சப் பணம், எதைத் தொட வேண்டுமானாலும் வாரிசு சர்டிபிகேட் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இ-சேவை மையத்தில் பதிவு செய்தோம். அப்புறம் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று படி ஏறுவது உங்களுக்குத் தெரியாததல்ல.

தங்கச்சி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறாள். ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலி இல்லை. ரெண்டு பஸ் மாறி நான்காவது தடவையாக அவள் தாலுகா ஆபீஸ் போன அன்றைக்கு அந்த அறை பூட்டியிருந்தது. வளாகத்திலேயே பந்தல் போட்டு, மைக் கட்டி, அவளுடைய மனுவைப் பார்க்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். "போராட்டம்மா, முடிஞ்சதும் வாங்க" என்றார் ஒருவர். மரியாதையாகத்தான் சொன்னார். அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்ததால் இவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். மைக்கில் ஒருவர், நாளைக்கு எங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் எங்கள் பெண்டாட்டி பிள்ளைகளின் கதி என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். வீட்டுக்கு வந்து என்னிடம், "அவங்க கேக்கறதும் நியாயந்தானேண்ணா" என்றாள். எனக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை.

போராட்டம் முடிந்த பிறகு, தேங்கிப்போன ஃபைல் நிறைய இருக்கிறது என்று இன்னும் மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் பெண்ணின் காலேஜ் ஃபீஸுக்குத் தோடு அடகுக்குப் போனது. இப்போது அவளுக்கு இபிஎஃப் பென்ஷன் வரும். அந்தத் திட்டத்தில் குறைந்தபட்சப் பென்ஷன் மாதம் 1,000 ரூபாய், 2014-லிருந்து அதே தொகைதான். அதை உயர்த்தச் சொல்லி அவள் எந்த ஆபீஸைப் பூட்ட முடியும்?

நான் ஒரு லேத் பட்டறை நடத்துகிறேன், நாலு பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் கூலி கூட்டிக் கேட்டால் ஆர்டர் எவ்வளவு, கரண்ட் பில் எவ்வளவு என்று பார்த்து என் பையிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். முடியாதென்றால் முடியாது என்று சொல்வேன், பேசி ஒரு இடத்துக்கு வருவோம். உங்கள் பேச்சுவார்த்தை அப்படியா நடக்கிறது? உங்களுக்கு எதிரே உட்காரும் அமைச்சரின் பையிலிருந்து ஒரு ரூபாய் போவதில்லை. அவருக்கு வேண்டியது உங்கள் ஓட்டும் உங்கள் குடும்பத்து ஓட்டும். பணம் கட்டுகிற நாங்கள் அந்த அறையிலேயே இல்லை.

இதில் கட்சி வித்தியாசம் பார்க்க எனக்கு விருப்பமில்லை. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது என்று கொண்டுவந்தது அதிமுக. அதே கட்சி 2016 தேர்தலுக்குச் சில மாதம் முன்னால் அதைப் பரிசீலிக்கக் குழு போட்டது. 2021-ல் திமுக பழைய ஓய்வூதியத்தையே திரும்பக் கொண்டுவருவதாகத் தேர்தல் அறிக்கையில் எழுதியது. நான்கரை வருடம் கழித்து, அடுத்த தேர்தல் வாசலுக்கு வந்த பிறகு, 2026 ஜனவரியில் கடைசிச் சம்பளத்தில் பாதி உறுதி என்று புதுத் திட்டம் அறிவித்தது. குழுவும் வாக்குறுதியும் அறிவிப்பும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வருகின்றன. இந்தச் செலவுக்கு எந்த வரியைக் கூட்டுவோம், எந்த வேலையை நிறுத்துவோம் என்று இரண்டு கட்சியும் எங்களிடம் சொன்னதில்லை.

கணக்கைப் பாருங்கள். 2025-26 பட்ஜெட்டில் மாநிலத்தின் வருவாய் வரவு சுமார் 3.31 லட்சம் கோடி. சம்பளத்துக்கு மட்டும் சுமார் 90,000 கோடி, ஓய்வூதியத்துக்கு 41,000 கோடி, வட்டிக்கு 70,000 கோடி. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மருந்து என்று எதற்கும் ஒரு ரூபாய் ஒதுக்கும் முன்பே ஐந்தில் மூன்று பங்கு தீர்ந்துவிடுகிறது. 2021-ல் அன்றைய நிதியமைச்சர் வெள்ளை அறிக்கை வைத்து, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் இருக்கிறது என்றார். அப்போது மொத்தக் கடன் 5.7 லட்சம் கோடி. அது 2026 மார்ச் முடிவில் 9.29 லட்சம் கோடியைத் தாண்டும் என்று அந்த 2025-26 பட்ஜெட்டே சொன்னது. என் தங்கச்சி தலையிலும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

நீங்கள் கொழுத்துப்போயிருக்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. கொஞ்சச் சம்பளத்துக்கு வேலை செய்கிற பகுதி நேர ஆசிரியர்களும், சொற்ப ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போகிற சத்துணவு அம்மாக்களும் உங்களோடுதான் கொடி பிடிக்கிறார்கள். அவர்களுடைய கோரிக்கை முதலில் தீரட்டும் என்று நீங்கள் சொல்லியிருந்தால் ஊரே உங்கள் பின்னால் நின்றிருக்கும். 2003-ல் வேலைநிறுத்தம் செய்ததற்காக ஒரே உத்தரவில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வேலையை விட்டு எடுத்தார்களே, அது கொடுமை, அப்படிச் செய்யச் சொல்லி நான் கேட்கவே மாட்டேன். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று அந்த வருடம் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் உங்களை மிரட்ட இங்கே எடுத்து வரவில்லை. உரிமையைப் பற்றி நீதிமன்றத்தில் பேசிக்கொள்ளலாம். நான் கேட்பது அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பவளைப் பற்றி.

மத்தியப் பிரதேசத்தில் 2010-லேயே, இத்தனை நாளுக்குள் சான்றிதழ் தராவிட்டால் அதிகாரிக்கு அபராதம் என்று சட்டம் வந்துவிட்டது. பக்கத்துக் கர்நாடகாவிலும் சகாலா என்று அதே மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கிறது. அப்படி ஒரு சட்டத்தை இங்கேயும் கொண்டுவரச் சொல்லி உங்கள் சங்கங்கள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், பந்தல் போட்டு நான் பார்க்க வேண்டும். அன்றைக்குப் பட்டறையை மூடிவிட்டு நானும் வந்து உட்காருகிறேன்.

கோபத்தில் எங்காவது வார்த்தை தடித்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்டது அதேதான்: ஜன்னலை மூடாதீர்கள். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரைக் என்றாலும் அவசர சிகிச்சைப் பிரிவைத் திறந்துதானே வைக்கிறார்கள். அதுபோல இறப்பு, வாரிசு, விதவைச் சான்றிதழ், முதியோர் பென்ஷன் இவற்றுக்கு மட்டும் ஒரு மேசை, இரண்டு பேர். அடுத்த போராட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கும்போது அந்த மேசை திறந்திருக்கும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
வரி கட்டும் ஒரு லேத் பட்டறைக்காரன்