அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேளுங்கள், டாக்டர்

குழந்தைப்பேறு சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். 4 வருடம் சிகிச்சைக்கு அலைந்தவள் நான். முதல் 3 வருடம் எல்லாப் பரிசோதனையும் எனக்குத்தான். அப்புறம்தான் என் வீட்டுக்காரருக்கு விந்தணு குறைவு, அசைவும் மந்தம் என்றார்கள். வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், செலினியம் சேர்ந்த மாத்திரை எழுதித் தந்தார்கள். என்ன வேலை பார்க்கிறார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அவருக்கு அம்பத்தூரில் குரோம் முலாம் பூசும் பட்டறையில் வேலை. தொட்டியில் கரண்ட் பாயும்போது குமிழ்கள் வெடித்துப் பனி மாதிரி ஒரு ஆவி எழும்புமாம். அவர் கைக்குட்டையைத் துவைக்கிறவள் நான். மஞ்சள் கறை இருக்கும், நடுவில் பொட்டு ரத்தம். சூடு என்று நினைத்து மோர் கரைத்துக் கொடுத்தேன்.

இதே சென்னையில், பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் செய்த ஆய்வொன்று 2006இல் வெளிவந்தது. நாட்டுக் குரங்குகளுக்குக் குடிநீரில், அந்த ஆவியில் இருக்கும் அதே வகைக் குரோமியம் என்ற உலோகத்தை 6 மாதம் கொடுத்தார்கள். விந்தணு குறைந்தது, அசைவும் குறைந்தது. கூடவே வைட்டமின் சி கொடுத்த குரங்குகளுக்கு அந்தச் சேதம் வரவில்லை. படித்த அன்றே ஒரு கிலோ நெல்லிக்காய் வாங்கி வந்தேன். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. குரோமியத்தை நிறுத்தி 6 மாதம் விட்டதும் குரங்குகள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன. இதை ஏன் எங்களிடம் யாரும் சொல்லவில்லை?

மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குரோமியம் உடம்பின் செல்லுக்குள் போய்க் கிளப்பிவிடும் வேண்டாத மூலக்கூறுகள்தான் விந்தணுவின் மெல்லிய கொழுப்புச் சவ்வை அரிக்கின்றன. நெல்லியும் கொய்யாவும் அதோடு மல்லுக்கட்டும். ஆனால் காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பகல் முழுக்க அதே ஆவியை இழுத்தால் எப்படி? விந்தணு முழுசாக உருவாகச் சுமார் 74 நாள் ஆகிறது. அத்தனை நாளும் அவர் அந்தத் தொட்டிப் பக்கத்தில்தானே நிற்கிறார்?

அதனால் முதல் நாளே தொழிலைக் கேளுங்கள். பேட்டரிப் பட்டறை, ஈயம் உருக்குவது, வெல்டிங், முலாம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வெறுமனே கேட்டால் "கம்பெனி வேலை" என்றுதான் எங்கள் வீட்டு ஆண்கள் சொல்வார்கள். தேவைப்பட்டால் ரத்தத்திலும் சிறுநீரிலும் உலோகம் பாருங்கள். வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லி ஒரு கடிதமும் கொடுங்கள். நாங்கள் கெஞ்சினால் சூப்பர்வைசர் கேட்பதில்லை, டாக்டர் கையெழுத்து இருந்தால் கேட்கிறார்.

எங்களுக்குக் கடைசியில் ஒரு டாக்டரம்மா கேட்டார், எழுதியும் கொடுத்தார். தை மாதத்திலிருந்து அவர் பேக்கிங் பிரிவில் இருக்கிறார். கைக்குட்டையில் இப்போது மஞ்சள் இல்லை.