இமயம் உயர்வது நிலம் ஆடாத ஆண்டுகளில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த நிலநடுக்கக் கட்டுரையில், "ஒவ்வொரு நிலநடுக்கத்தின்போதும் இமயமலை கொஞ்சம் உயர்கிறது" என்று ஒரு வரி இருந்தது. கேட்பதற்கு இயல்பாகத்தான் இருக்கிறது. ஆனால் 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் நடந்ததைப் பாருங்கள். 7.8 அளவிலான அந்த நடுக்கத்தில் காத்மாண்டுப் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் எழும்பியது. அதற்கு வடக்கே உள்ள பனிமலை வரிசையோ அரை மீட்டருக்கும் மேல் இறங்கிவிட்டது. நடுக்கத்துக்கு முன்னும் பின்னும் செயற்கைக்கோள் எடுத்த ரேடார் படங்களை ஒப்பிட்டபோது இது தெளிவாகத் தெரிந்தது.

உயர்ந்த மலை ஏன் தாழ வேண்டும்? இந்திய நிலத்தட்டு இமயத்தின் அடியில் வடக்கு நோக்கி ஆண்டுக்குச் சுமார் 20 மி.மீ. நுழைகிறது. (தட்டின் மொத்த நகர்வு இதைப்போல் இரு மடங்கு இருக்கும், மிச்சத்தைத் திபெத்தும் அதற்கு அப்பாலுள்ள நிலங்களும் வாங்கிக்கொள்கின்றன.) இரண்டும் உரசும் தளம் வடக்கே போகப்போக ஆழத்தில் இறங்கும். ஆழம் கூடினால் வெப்பம் கூடும், பாறையின் குணமும் மாறும். சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் பாறையில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமம் உடைவதில்லை, மெல்ல வழிந்து கொடுக்கத் தொடங்குகிறது. அதனால் ஆழத்தில் தட்டு ஓசையின்றி வழுக்கிக்கொண்டே போகிறது. தெற்கே, ஆழம் குறைந்த பகுதியில் பாறை குளிர்ந்து இறுகியிருப்பதால் உராய்வு அதைப் பூட்டி வைத்திருக்கிறது. வடக்கே நகர்கிறது, தெற்கே நகரவில்லை. இடையில் மாட்டிக்கொண்ட பாறை நெருக்குண்டு மேல்நோக்கிப் புடைக்கிறது. அந்தப் புடைப்பு உயர்ந்த சிகரங்களுக்கு அடியில்தான் விழுகிறது. ஆண்டுக்குச் சில மி.மீ. என்று சிகரங்கள் ஏறுவது இப்படித்தான், அதுவும் நிலம் அமைதியாக இருக்கும் ஆண்டுகளில்.

இந்த நெருக்கம் எவ்வளவு என்று கணக்கிடலாம். ஆண்டுக்கு 20 மி.மீ. என்றால் 200 ஆண்டில் 4 மீட்டர். 100 கி.மீ. அகலத்தில் அது பரவினால், ஒரு மீட்டர் நீளக் கல்லுக்கு வெறும் 0.04 மி.மீ. புதுப் பாறையை உடைக்க இது போதாது. ஏற்கெனவே பிளந்து கிடக்கும் தளத்தின் உராய்வை மீறப் போதும். பெரிய நடுக்கங்கள் பழைய பிளவுகளிலேயே திரும்பத் திரும்ப வருவதன் காரணம் இதுதான். பூட்டு விட்டதும் முன்பகுதி தெற்கே பாய்ந்து எழுகிறது. பின்பகுதி இழுபட்டுத் தளர்ந்து இறங்குகிறது. 1906 சான் பிரான்சிஸ்கோ நடுக்கத்தை ஆராய்ந்த அமெரிக்க அறிவியலாளர் ரீட் கண்ட மீட்சித் தத்துவம் இதுவே.

அப்படியானால் மலைக்கு மிஞ்சுவது என்ன? ஏறியது முழுவதும் திரும்பிவிடுவதில்லை. பிளவுத்தளம் ஒரே சீரான சரிவாக இல்லாமல் இடையில் செங்குத்தாகத் திரும்பும் இடத்தில், அதன் மேல் ஏறிவரும் பாறை உயரத்தை நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்கிறது. மடிப்புகளிலும் சிறு பிளவுகளிலும் கொஞ்சம் தங்குகிறது. அப்படித் தங்கியதை ஆறுகளும் பனியாறுகளும் உடனுக்குடன் அரித்துக்கொண்டே இருக்கின்றன. பாரம் குறைந்தால் மலைக்கு அடியில் ஆழமாக இறங்கித் தடித்திருக்கும் மேலோடு, அதாவது வேர், மலையைச் சற்று மேலே தள்ளும். மலை 1 கி.மீ. உயர்ந்து நிற்க, அடியில் சுமார் 4.5 கி.மீ. வேர் வேண்டும், மேலோட்டுப் பாறையின் அடர்த்தி தண்ணீரைப்போல் 2.7 மடங்கு, அதற்கு அடியிலிருந்து தாங்கும் மூடகம் என்ற பாறை அடுக்கின் அடர்த்தி 3.3 மடங்கு என்று வைத்துப் போடும் கணக்கு இது. திபெத்தின் அடியில் மேலோடு 70 கி.மீ. அளவுக்குத் தடித்திருப்பது இதனால்தான்.

கட்டுரை சொன்ன இன்னொன்றையும் விட்டுவிட முடியவில்லை: சிறு நடுக்கங்கள் அடிக்கடி வந்தால் பெரியது வராதாம். அளவில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு, மூன்று எண் கூடினால் 30,000 மடங்குக்கும் மேல். ஒரு 7.8-க்கு ஈடுசெய்ய 4.8 அளவு நடுக்கங்கள் 30,000-க்கும் மேல் வேண்டும். இப்படித் தப்பான நம்பிக்கையை அச்சில் ஏற்றினால் வீட்டைப் பலப்படுத்த நினைப்பவரும் தள்ளிப்போட்டுவிடுவார். "ரிக்டர்" என்ற சொல்லையும் இனி விடலாம். 1935-ல் தெற்குக் கலிபோர்னியாவுக்காக வகுத்த அளவுமுறை அது. பெரிய நடுக்கங்களுக்கு இன்று தருவது, நழுவிய பரப்பு, நழுவிய தூரம், பாறையின் விறைப்பு ஆகிய மூன்றையும் பெருக்கிப் பெறும் அளவு.

எவரெஸ்ட்டின் உயரம் 1955-ல் 8848 மீட்டர், 2020-ல் 8848.86 என்பதைக் காட்டி "86 செ.மீ. வளர்ந்தது" என்று எழுதியதும் தவறு. அளவிட்ட கருவி வேறு, கடல்மட்டத்தை மலைக்கு அடியில் எங்கே வைத்துக் கணக்கிட்டார்கள் என்பதும் வேறு. அந்த வித்தியாசத்தை வளர்ச்சியாகக் கொள்ள முடியாது.

கட்டுரை சொல்லாமல் விட்டதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. 2015-ல் நழுவிய பகுதி காத்மாண்டுக்கு அடியிலேயே நின்றுவிட்டது. தரைமட்டம் வரை பிளவு வரவில்லை. அதற்குத் தெற்கே, மலையடிவாரம் வரையுள்ள தளம் இன்னும் பூட்டியபடிதான் இருக்கிறது. அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டால் அதில் இந்த ஒரு செய்தியையாவது சேருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்