உன் தம்பி மகன் குறித்து

கிருஷ்ணகிரி

அன்புள்ள இராமமூர்த்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணியின் உடல்நலம் தேறியதில் மகிழ்ச்சி. இங்கே மாந்தோப்புகள் பூவெடுத்துவிட்டன. வீட்டில் அனைவரும் நலம்.

தைப்பூசத்தன்று குமாரசாமிப்பேட்டைத் தேருக்கு வந்த உன் தம்பி மகன், சிறுவயது முதல் ஒன்றாகத் திரிந்த இப்ராஹிம் மகனிடம் முகங்கொடுத்துப் பேசாமல் ஓசூர் திரும்பினான் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

படித்த பிள்ளை, சம்பாதிக்கும் பிள்ளை, இப்படி மதவெறிக்கு ஆளாவானா என்று கேட்கிறாய். 2019 ஈஸ்டர் நாளில் இலங்கையில் 250-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற தற்கொலைக் குண்டுதாரிகளில் இருவர், கொழும்பின் செல்வந்த மசாலா வணிகர் ஒருவரின் மகன்கள். எந்த மதமானாலும் கொள்கை பிறகுதான் வருகிறது. முதலில் வருவது கூட்டாளி. இரவு ஷிப்ட் முடித்துத் தனியறைக்குத் திரும்புகிறவனுக்குக் காய்ச்சல் கண்டால் கஞ்சி வாங்கிவந்து தருபவர்கள், கைமாற்றுக் கொடுப்பவர்கள், நீயும் எங்களில் ஒருவன் என்பவர்கள் நெருங்கிய பிறகே, வாட்ஸ்அப்பில் வரும் வெறுப்பு அவனுக்கு உண்மையாகத் தெரியத் தொடங்குகிறது.

பழியுணர்ச்சி மற்றொரு காரணம். கோவையில் 1997 நவம்பரில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அதையொட்டிய கலவரத்தில் முஸ்லிம்கள் பலர் உயிரிழந்தனர். அதற்குப் பழிவாங்கும் விதமாக 1998 பிப்ரவரி 14 அன்று வைக்கப்பட்ட குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டனர். யாரோ சிலர் செய்ததற்காக ஒரு தெருவையே சந்தேகித்து, வாடகைக்கு வீடு மறுப்பதுகூட, வன்முறைக் கும்பல்களுக்கு ஆள்பிடிப்பவர்களுக்கு நாமே செய்து தரும் உதவி என்பேன்.

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரிலிருந்து 2013-இல் ஏறத்தாழ 30 இளைஞர்கள் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த சிரியாவுக்குச் சென்றார்கள். அந்நகரக் காவல்துறை பள்ளிவாசலோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து பேசியது. குற்றம் செய்யாமல் திரும்பியவர்களுக்குப் படிப்பு, வேலை, வீடு ஆகியவற்றுக்கு வழிகாட்டி, ஒவ்வொருவருக்கும் துணையாக ஒரு பெரியவரையும் அமர்த்தியது. மறு ஆண்டே செல்வோர் எண்ணிக்கை ஓரிருவராகக் குறைந்தது. நம் மாவட்டங்களிலும் காவல் நிலையத்துக்கு அஞ்சாமல் பெற்றோர் தொடக்கத்திலேயே சென்று முறையிட இத்தகைய ஓர் இடம் வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

தம்பியிடம் சொல்: மகனை வீட்டுப்படி ஏறாதே என்று விரட்டிவிட வேண்டாம், மதத்தைப் பற்றி வாதாடவும் வேண்டாம். வாரந்தோறும் யாராவது ஒருவர் அவனை நேரில் பார்த்துவர வேண்டும். வரும் ஞாயிறு நான் ஓசூர் செல்கிறேன். அவனுடைய அறை முகவரியையும் ஷிப்ட் முடியும் நேரத்தையும் உடனே தெரியப்படுத்து. இப்ராஹிமிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
கோவிந்தசாமி