முதல் கையெழுத்தைப் போட விடாதே

அட்டன்

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சி மகனின் ஆட்டோ நானுஓயா வளைவில் காரோடு மோதியும் யாருக்கும் காயமில்லை என்றது பெரிய ஆறுதல். இங்கேயும் ஒரு வாரமாய் மதியத்துக்குப் பிறகு பனி இறங்கிவிடுகிறது, எதிரே வருகிற வெளிச்சம்கூடத் தெரிவதில்லை.

இப்போது, கார்ச் சேதத்துக்குப் பணம் கேட்டுப் பையனைத் தொலைபேசியில் மிரட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த விசயம். 385,000 ரூபாய், ஏழு நாள் தவணை, இல்லாவிட்டால் பொலிஸ், கிரிப்பில் பெயர் விழும், தோட்டச் சம்பளத்தில் கழிப்போம். இந்த மிரட்டல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார். கிரிப் என்பது வங்கி, லீசிங் போன்ற கடன்களின் பதிவு. விபத்து நட்டஈட்டுக்கு அங்கே இடமில்லை. தவறாக ஓட்டியதற்கு பொலிஸ் வழக்குப் போடலாம், நீதவான் தண்டம் விதிக்கலாம். ஆனால் அந்தத் தண்டம் அரசுக்குப் போகிறது. காரின் சேதம் சிவில் விவகாரம், அதை வசூலித்துக் கொடுப்பது பொலிஸின் வேலையில்லை. நீதிமன்றக் கட்டளையோ பையனின் சம்மதமோ இல்லாமல் மனேஜர் சம்பளத்தில் கை வைக்க முடியாது. லீசிங் தவணை கட்டாத வண்டியை வந்து தூக்குகிறார்களே, அந்த ஒப்பந்த உரிமையும் இவர்களுக்கு இல்லை. பொருளைக் கைப்பற்ற வருவதானால் நீதிமன்ற ஆணையை நிறைவேற்றும் அதிகாரியான பிஸ்கால்தான் அந்த ஆணையோடு வரவேண்டும்.

அவர்கள் யார் என்பதுதான் முதல் கேள்வி. அனேகமாகக் கார்க்காரரின் காப்புறுதிக் கம்பனி அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அவருடைய இடத்தில் நின்று உங்களிடம் கேட்கிறது. அந்த உரிமை சட்டத்தில் உண்டு. ஆனால் கார்க்காரர் கேட்கக்கூடியதற்கு மேல் கம்பனியும் கேட்க முடியாது, கம்பனி அனுப்பிய வசூல்காரரும் கேட்க முடியாது. தொலைபேசியில் எதையும் பேசவேண்டாம். "எழுத்தில் அனுப்புங்கள்" என்ற ஒரே பதில் போதும். பிறகு பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடச் சொல். யார் சார்பில் கேட்கிறீர்கள், அதற்கான அதிகாரக் கடிதம் எங்கே, காப்புறுதிக் கம்பனி உரிமையாளருக்கு எவ்வளவு கொடுத்தது, மதிப்பீட்டாளரின் அறிக்கை, சேதத்தின் படங்கள், கராஜ் பில், பொலிஸ் முறைப்பாட்டின் நகல் என்று கேட்கவேண்டும். "பொறுப்பை ஒப்புக்கொள்ளவில்லை" என்ற வரியை விட்டுவிடக்கூடாது. தபால் ரசீதைப் பத்திரப்படுத்தட்டும்.

பில் வந்தால் வரிவரியாகப் பாருங்கள். இதில்தான் தொகை ஊதிப் பெருகும். ஆட்டோ இடித்தது முன் பம்பரையும் ஒரு லைட்டையும் என்றால், பின் கதவுக்குப் பெயின்ட் ஏன்? பத்து வருட ஜப்பான் காருக்கு முகவரிடமிருந்து புத்தம் புது லைட் போட்டிருந்தால், கொழும்பில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் அதே பாகம் பாவித்த நிலையில் என்ன விலை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய பாகத்துக்குப் பதில் புதியதைப் போட்டதால் காருக்குக் கூடிய மதிப்பையும் உங்கள் தலையில் கட்டக்கூடாது. கழற்றிய பாகங்கள் எங்கே போயின, அவற்றின் விலை கழிக்கப்பட்டதா என்றும் கேளுங்கள். பழைய கீறல்களும் சேர்ந்திருக்கலாம். விபத்தன்று பையன் கைத்தொலைபேசியில் எடுத்த படம் இருந்தால் அதுதான் உங்கள் பொன்.

தவறு முழுதும் பையனுடையதா என்பது தனிக் கேள்வி. கார் நடுக்கோட்டைத் தாண்டி வந்திருந்தால் நட்டஈடு அந்த அளவுக்குக் குறையும். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழி செய்கிறது. பொலிஸின் வரைபடம் இங்கே முக்கியம். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்காமல் எதிலும் ஒப்பமிட்டிருக்கக்கூடாது; இட்டுவிட்டிருந்தால் நகலை எடுத்து, தெரிந்தவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.

செல்வா, எனக்கு மிகவும் பயமாக இருப்பது கையெழுத்துதான். விபத்துச் சேதத்துக்கு வழக்குப் போட 1871ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டம் இரண்டு வருடம் தருகிறது. எத்தனை கடிதம் அனுப்பினாலும் அந்தக் கடிகாரம் நிற்காது, வழக்குத் தாக்கலானால்தான் கணக்கு. அதிலும் தவறை அவர்கள்தான் நிரூபிக்கவேண்டும். ஆனால் "மாதம் 10,000 கட்டுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டால் அது எழுத்திலான வாக்குறுதி. அதற்கு ஆறு வருடம், தவறை நிரூபிக்கும் தேவையும் போய்விடும். நல்லபிள்ளையாகக் கொடுக்கும் ஒரு சின்னத் தொகையும் ஒப்புக்கொண்டதாகவே வாசிக்கப்படலாம். பின்திகதியிட்ட செக் அதைவிட மோசம்: கணக்கில் பணமில்லை என்று தெரிந்தே செக் கொடுப்பது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். சிவில் விவகாரத்தைத் தானே குற்றவியல் விவகாரமாக்கிக்கொள்வது அப்படித்தான்.

ஆட்டோவுக்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதி இருக்கும்தானே? சட்டம் கட்டாயமாக்குவது ஆளுக்கு ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்குமான காப்புறுதியை மட்டும்; சொத்துச் சேதத்துக்கு எவ்வளவு என்பது பத்திரத்தில் இருக்கும். அந்தப் பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். அவர்களிடமிருந்து கடிதம் வந்தால், பையன் தானாகப் பதில் எழுதும் முன் அதை ஆட்டோவின் காப்புறுதிக் கம்பனிக்கு அனுப்பட்டும். தாமதித்தாலும் தவறைத் தானே ஒப்புக்கொண்டாலும் கம்பனி கைகழுவலாம்.

இன்னொன்று, தோட்டத்து லயன் வீடுகளுக்கு வரும் தபால். கடிதங்கள் தோட்ட ஆபீசில் கிடந்து பிறகுதான் கைக்கு வருகின்றன. வசூல்காரரின் கடிதம் கிடந்தால் பரவாயில்லை. நீதிமன்ற அழைப்பாணை கிடந்தால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். அப்படியான தீர்ப்பாணை கைக்கு வந்தால் 14 நாளுக்குள் அதை நீக்கக் கேட்கவேண்டும். ஆபீஸ் கிளாக்கரிடம் பையனின் பெயரைச் சொல்லி, பதிவுத் தபால் எது வந்தாலும் உடனே தரச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை நேரில் போய்க் கேட்பதும் நல்லது.

தொகை சட்டம் குறிக்கும் வரம்புக்குள் இருந்தால் வழக்குக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போகவேண்டும். அங்கே சட்டத்தரணிகள் வாதாட முடியாது, நம்மாள்களே தமிழில் பேசலாம். உண்மையிலேயே பையனுடைய பங்கு இருக்கிறது, தொகையும் நியாயம் என்று தெரிந்தால் அங்கே முடித்துக்கொள்வது கௌரவமான வழி. ஆனால் கார்க்காரரும் காப்புறுதிக் கம்பனியும் இருவருமே "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒப்பமிட்டாலன்றிப் பணம் கைமாறக்கூடாது. கம்பனி கொடுக்காத மிச்சத்தைக் கார்க்காரர் தனியாகக் கேட்டு வருவது வழக்கமாக நடப்பதுதான்.

விபத்து நடந்த சரியான திகதியையும், அவர்கள் ஏதும் கடிதம் அனுப்பியிருந்தால் அதன் நகலையும் அனுப்பு. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தங்கச்சி தயங்கினால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குக் கூட்டிப்போ, வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்கள் உதவுவார்கள். பையனிடம் சொல், அழைப்பு வந்தால் பேசாமல் நேரத்தையும் எண்ணையும் கொப்பியில் எழுதிவைக்கட்டும்.

உன்,
மணி