ஸ்பாம் பட்டன் குப்பைத் தொட்டி இல்லீங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம பேப்பர்ல, வேண்டாத மெயில் வந்தா யோசிக்காம ஸ்பாம் பட்டன அமுக்குங்கன்னு ஒரு துணுக்கு போட்டிருந்தீங்க. படிச்சதும் எனக்கு வயித்துல புளியக் கரைச்சிருச்சு. நான் மதுரை தெற்கு மாசி வீதி பக்கம் ஒரு சுங்குடி சேலை மொத்த வியாபாரக் கடைக்கு மெயில் சர்வர் பாத்துக்கிறவன், மெயில வாங்கி அனுப்புற போஸ்ட்ஃபிக்ஸ், வந்தத பெட்டியில வச்சுக் காட்டுற டவ்காட், குப்ப மெயில வடிகட்டுற ஸ்பாம் அசாசின்னு மூணு சாஃப்ட்வேரும் மாடியில ஒரே கம்ப்யூட்டர்ல ஓடுது, அந்தப் பட்டன யோசிக்காம அமுக்கித்தான் நாங்க ஒரு ஆடி மாசத்தையே கோட்ட விட்டோம்.

எங்க கணக்குப்பிள்ளை அண்ணன் நல்ல மனுசன். படிச்சு முடிச்ச மெயில அழிக்கிறதுக்குப் பதிலா ஸ்பாம் பட்டன அமுக்கி, ஸ்பாம் போய்ச் சேர்ற ஜங்க் ஃபோல்டர்ல தள்ளி விட்டுருவாரு, "ரெண்டும் குப்பதானப்பா"ம்பாரு. ஆனா எங்க சர்வர்ல ஒரு மெயில ஜங்க்குக்கு நகத்துனா அது ஸ்பாம்னு பாடம் ஏறும், அங்கிருந்து வெளிய எடுத்தா நல்ல மெயில்னு ஏறும், அப்படித்தான் நானே செட் பண்ணி வச்சிருந்தேன். ஆறு மாசமா பில்லு, ரேட் லிஸ்ட், சுங்குடி ஸ்டாக் விவரம் எல்லாம் ஜங்க்குக்குப் போக, ஸ்பாம வடிகட்டுற ஃபில்டரும் இதெல்லாம் ஸ்பாம்தான்னு நல்ல புள்ளயா கத்துக்கிருச்சு. கோயம்புத்தூர்ல இருந்து பழைய கஸ்டமர் ஒருத்தர் ஆடித் தள்ளுபடிக்கு 300 சேலை கேட்டு அனுப்புன மெயில் ஒம்பது நாள் ஜங்க்லயே கெடந்துச்சு. கடைசில போன் பண்ணி, "யாவாரம் பண்ற எண்ணம் இருக்கா இல்லையா?"ன்னு கேட்டுட்டாரு.

மொதலாளி மாடியேறி வந்துட்டாரு. பேய்ஸ் ஃபில்டர் தப்பாக் கத்துக்கிருச்சுங்கண்ணேன்னேன். "பேயா? அப்ப கோடாங்கியக் கூப்பிடு"ன்னாரு. பேயில்லண்ணே, அது 18ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல இருந்த ஒரு பாதிரியார் பேரு, அவரு போட்ட கணக்குன்னு சொல்லிப் பாத்தேன், மொதலாளிக்கு இன்னும் கோவந்தான் வந்துச்சு.

கணக்கு சுலபந்தான். ஒவ்வொரு வார்த்தையும் குப்ப மெயில்ல எத்தன தடவ வருது, நல்ல மெயில்ல எத்தன தடவ வருதுன்னு எண்ணி வச்சுக்கும். அத வச்சு மார்க் போடும், வேற சோதனைகளோட மார்க்கும் கூடும், மொத்தம் 5 ஆச்சுன்னா ஸ்பாம் அசாசின் அத ஸ்பாம்னு முத்திர குத்திரும். இந்த எண்ணுற வேலைக்கு ஸ்பாம் 200, நல்ல மெயில் 200 கொறஞ்சது குடுத்தாத்தான் அது வாயத் தெறக்கவே செய்யும். எல்லாரும் ஸ்பாம மட்டும் கொண்டுபோய்க் கொட்டுறாங்க, நல்லதக் காட்ட ஆளில்ல. அதுலயும் எங்க கடைக்கு வர்ற நல்ல மெயில்லயே தள்ளுபடி, ஆஃபர், சீக்கிரம் அனுப்புங்கன்னுதான் இருக்கும், ஒரு டாக்டர் வீட்ல அதே வார்த்தை வந்தா முக்காவாசி குப்பதான். அடுத்தவன் பழக்குன ஃபில்டர் நம்மளுக்கு ஒத்து வராது.

பழைய பாடத்த மொத்தமா அழிச்சுட்டு, ரெண்டு சாயங்காலம் நானும் அண்ணனும் டீயக் குடிச்சுக்கிட்டு ஒண்ணொண்ணாப் பிரிச்சோம். அதுல ஒரு சண்ட. ஜவுளிக் கண்காட்சிக்காரங்க மெயில ஸ்பாம்ல போடச் சொன்னாரு, நீங்கதானண்ணே அங்க போய் அட்ரஸ எழுதிக் குடுத்தீங்கன்னேன். நம்மளாக் குடுத்த எடத்துல இருந்து வந்தா, இனி அனுப்பாதீங்கன்னு அன்சப்ஸ்கிரைப் பண்ணணும், ஸ்பாம்னு புகார் பண்றது நாயமில்ல. ஏன்னா ஜிமெயில் மாதிரி எடத்துல நம்ம அமுக்குறது அனுப்புறவனப் போய் அடிக்கும். 2024 பிப்ரவரியில இருந்து ஜிமெயில்காரங்க நாளைக்கு 5000 மெயிலுக்கு மேல அனுப்புறவங்களுக்குக் கறாரா விதி வச்சிருக்காங்க, ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தத் தொடக்கூடாது, அதாவது ஆயிரத்துக்கு மூணு பேரு.

இன்னொண்ணு, சர்வர் நின்னா மெயில் தொலஞ்சிரும்னு பலபேர் பயப்படுறாங்க. போன சித்திரத் தேரோட்டத்தன்னிக்கு எங்க தெருவுல கரண்ட்டும் இல்ல நெட்டும் இல்ல, ஒரு மெயிலும் தொலையல, ஏன்னா அனுப்புறவங்க சர்வர் ஒழுங்கானதுன்னா நாலஞ்சு நாள் விடாமத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பாக்கும். அத நம்பித்தான் புது ஆளு மெயில மொதல்ல திருப்பிவிட்டு ரெண்டாந்தடவ வந்தா ஏத்துக்கிற கிரேலிஸ்டிங்கும் போட்டேன், ஸ்பாம் அனுப்புறவன் பலபேரு திரும்ப அனுப்ப மாட்டான், அதனால ஸ்பாம் பாதி கொறஞ்சுச்சு, ஆனா பேங்க் ஓடிபி காலாவதி ஆனப்புறம் வந்து சேந்துச்சு, மொதலாளி திட்டுன திட்டுல அத எடுத்துட்டேன்.

அதனால அய்யா, அடுத்த தடவ இந்த மாதிரி போடும்போது ஜங்க் ஃபோல்டர வாரத்துக்கு ரெண்டு தடவயாச்சும் தெறந்து பாருங்க, நல்லது கெடந்தா வெளிய எடுத்து விடுங்கன்னு ஒரு வரி சேத்துப் போடுங்க. கணக்குப்பிள்ளை அண்ணன் உங்க பேப்பரத்தான் படிக்கிறாரு, நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாரு.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
தெற்கு மாசி வீதி, மதுரை