இலை பழசில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூர் தேக்காவில் நம் கடைக்கு வாழையிலை இப்போதெல்லாம் தாமதமாகத்தான் வந்து இறங்குகிறது. ஏன் என்று நேரில் கேட்டவர்களுக்குச் சொல்லிவிட்டேன். ஆனால் "நேற்று மிஞ்சிய இலையில் தண்ணீர் தெளித்து விற்கிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. அதற்கு எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும்.

படத்தில் இருப்பது நம் இலைதான். ஓரம் கறுத்திருப்பதும் உண்மை. ஆனால் அது பழைய இலை இல்லை. மலேசியாவில் ஜோகூர்த் தோட்டத்தில் ராத்திரி வெட்டி, சுருட்டி, ஈரச்சாக்கு போர்த்தி லாரியில் ஏற்றுகிறார்கள். உட்லண்ட்ஸ் கடற்பால நெரிசலுக்குப் பயந்து, 1998இல் திறந்த துவாஸ் இரண்டாம் இணைப்பு வழியாக லாரி வருகிறது. தண்ணீருக்கு மேல் இரண்டு கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவான பாலம். காலியாக இருந்தால் சில நிமிடம்தான். விடுமுறையை ஒட்டிய நாட்களில் அங்கேயே மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கிறது. நிழல் கிடையாது. தார்ப்பாய்க்குள் சூடேறினால் கட்டின் வெளிச்சுற்று இலைதான் முதலில் வாடும், ஓரம் கறுக்கும். கட்டை அவிழ்த்து உள்ளே பாருங்கள், பச்சை மாறியிருக்காது. நாள்பட்ட இலை மஞ்சள் தட்டியிருக்கும். இலை போட்டுப் பரிமாறிப் பழகியவர்களுக்கு இது தெரியும்.

2024 மார்ச் முதல் காரில் போகிறவர்கள் கடப்பிதழை நீட்டாமல் கியூஆர் குறியீட்டிலேயே சிங்கப்பூர்ச் சோதனைச் சாவடியைக் கடந்துவிடலாம். சரக்கு லாரிக்கு அது மட்டும் போதாது. இறக்குமதி அனுமதி, சரக்குச் சோதனை எல்லாம் உண்டு. அதைக் குறை சொல்லவில்லை. நாம் சாப்பிடும் பொருளைச் சோதித்து அனுப்புவதுதான் நல்லது.

இலை பிரித்துக் கொடுத்த தம்பியும் போன மாதம் வேலையை விட்டுவிட்டார். ஜோகூர் பாருவிலிருந்து விடியுமுன் மோட்டார்சைக்கிளில் கிளம்பி, ராத்திரி அதே நெரிசலில் வீடு திரும்புவார். வீட்டில் கைக்குழந்தை. இருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2020இல் எல்லை மூடி, சரக்கு லாரிகள் மட்டும் வந்துபோன நாட்களில், கிடைத்த இலையை முகம் சுளிக்காமல் வாங்கிப் போனவர்கள் நீங்கள். அந்த நன்றி என்றைக்கும் எனக்கு உண்டு. அதனால்தான் இந்தப் பேச்சு இவ்வளவு வலிக்கிறது.

இனி வெளிச்சுற்று இலையைக் கழித்துவிட்டுத்தான் கட்டு தருவோம். அடுத்த மாதம் முதல் கட்டுக்கு 50 காசு கூடும். அப்புறம், விசேஷத்துக்கு இலை வேண்டுவோர் இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். முதல் நாளே இறக்கி வைத்துவிடுகிறோம்.

அன்புடன்,
உங்கள் இலைக்கடைக்காரர்